எஃப் 1.4 மேனுவல் லென்ஸில் கண்ணில் ஃபோகஸ் நிற்கவில்லை. பழைய 105-இல் மட்டும் எப்படி நிற்கிறது?

பாளை முகப்படம் (கேள்வி)

நண்பர்களுக்கு வணக்கம்.

பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறவர்களையும் காருகுறிச்சியில் மண்பாண்டம் வனைகிறவர்களையும் அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே முகப்படங்களாக எடுத்து வருகிறேன். பெரும்பாலும் வாசல் வழியாக வரும் வெளிச்சம் மட்டுமே இருக்கும். ஃப்ளாஷ் அடித்தால் அந்த வெளிச்சத்தின் அழகு போய்விடும், வேலையில் ஆழ்ந்திருக்கிறவரின் கவனமும் கலைந்துவிடும் என்பதால், பெரிய அபெர்ச்சர் (ஒளி நுழையும் திறப்பு; எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது) உள்ள லென்ஸ்களை முழுவதும் திறந்து வைத்தே எடுக்கிறேன்.

என் கேமரா நிக்கான் டி750. அதில் இரண்டு மேனுவல் ஃபோகஸ் லென்ஸ்களை மாற்றி மாற்றி மாட்டுகிறேன். ஒன்று, எங்கள் பெரியப்பா ஸ்டூடியோ நடத்திய காலத்தில் வாங்கிய நிக்கார் 105 மி.மீ. எஃப் 2.5. மற்றொன்று, நான் புதிதாக வாங்கிய சாம்யாங் 85 மி.மீ. எஃப் 1.4, கேமராவோடு பேசும் சிப் உள்ள வகை.

பழைய 105-ஐ வைத்து எடுத்தால் பெரும்பாலான படங்களில் கண் இமை முடி தனித்தனியாக எண்ணிவிடும் அளவுக்குக் கூர்மையாக விழுகிறது. புதிய 85-இல் பாதிக்கு மேற்பட்ட படங்களில் கண் மங்கிவிட்டு, காதோ கழுத்தோரச் சேலை மடிப்போ கூர்மையாக இருக்கிறது. இத்தனைக்கும் வியூஃபைண்டரில் பார்க்கும்போது கண் தெளிவாகவே தெரிகிறது. ஃபோகஸ் வந்துவிட்டது என்று கேமரா காட்டும் பச்சைப் புள்ளியும் கீழே எரிகிறது. அதற்குப் பிறகுதான் ஷட்டரை அழுத்துகிறேன்.

பழைய லென்ஸ்கள் இரும்பாகவும் பித்தளையாகவும் செய்யப்பட்டவை, அதனால்தான் துல்லியமாக நிற்கின்றன என்று ஒரு நண்பர் சொல்கிறார். சாம்யாங்கை விற்றுவிட்டு பழைய நிக்கார் 85 எஃப் 1.4 ஒன்றைத் தேடலாமா, அல்லது மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமராவுக்கே மாறிவிடலாமா என்று யோசிக்கிறேன். ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ் வாங்குவது எனக்குத் தீர்வாகப் படவில்லை. வளையத்தைக் கையால் திருகி, முகம் மங்கலிலிருந்து மெல்லத் தெளிந்து வருவதைப் பார்த்து எடுப்பதில்தான் எனக்கு அந்த மனிதரோடு ஓர் உறவு ஏற்படுகிறது.

விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

அம்பை வாய்க்கால்கரை

தம்பி, லென்ஸை அவசரப்பட்டு விற்றுவிட வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் குற்றம் லென்ஸில் இருப்பதாகத் தோன்றவில்லை. உங்கள் வியூஃபைண்டர் எஃப் 1.4-ஐ உங்களுக்குக் காட்டவே இல்லை.

வியூஃபைண்டரில் நாம் பார்ப்பது ஃபோகஸிங் ஸ்க்ரீன் மேல் விழும் படத்தை. நிக்கான் எஃப்.எம்.2 போன்ற ஃபிலிம் கேமராக்களில் அந்த ஸ்க்ரீன் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். லென்ஸின் விளிம்பு வழியாக வரும் ஒளியையும் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்பும். நடுவில் பிளவுபட்ட வட்டம் ஒன்றும், அதைச் சுற்றி மைக்ரோப்ரிஸம் வளையமும் இருக்கும். உங்கள் பெரியப்பா அந்த வட்டத்தில்தான் ஃபோகஸ் செய்திருப்பார். கேமராவைச் செங்குத்தாகப் பிடிக்கும்போது அந்தப் பிளவுக்கோடும் செங்குத்தாகிவிடும். கண் இமையின் கிடைக்கோடு அதில் இரண்டாக உடைந்து தெரியும். உடைந்த இரு துண்டுகளும் ஒன்றாகச் சேரும்போது ஃபோகஸ் வந்துவிட்டது என்று பொருள். கையால் ஃபோகஸ் செய்வதற்கென்றே உருவாக்கிய ஏற்பாடு அது.

ஆட்டோ ஃபோகஸ் வந்த பிறகு மக்கள் எஃப் 3.5, எஃப் 5.6 என்று தொடங்கும் ஜூம் லென்ஸ்களை மாட்டத் தொடங்கினார்கள். அவற்றிலும் வியூஃபைண்டர் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக, ஒளியை அகலமாகச் சிதறவிடாமல் நேராகக் கண்ணை நோக்கி அனுப்பும் ஸ்க்ரீன்களைப் பொருத்தினார்கள். இதனால் வெளிச்சம் கூடியது. ஆனால், பெரிய அபெர்ச்சர் லென்ஸின் ஓரப்பகுதி வழியாக வரும் ஒளி நம் கண்ணுக்கு வந்து சேர்வதில்லை. எஃப் 1.4 லென்ஸை மாட்டினாலும் ஏறக்குறைய எஃப் 2.8-இல் எப்படித் தெரியுமோ அப்படித்தான் தெரியும். ஆகவே, சென்சாரில் மங்கலாக விழப்போகும் கண் உங்களுக்கு வியூஃபைண்டரில் கூர்மையாகத் தெரிகிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சாம்யாங்கை மாட்டி, கேமராவில் அபெர்ச்சரை எஃப் 2 என்று வைத்துக்கொண்டு, டெப்த் ஆஃப் ஃபீல்ட் (ஃபோகஸில் நிற்கும் ஆழம்) பார்க்கும் பொத்தானை அழுத்துங்கள். எஃப் 1.4-இலிருந்து எஃப் 2-க்குப் போனால் ஒளி பாதியாகக் குறைய வேண்டும், பின்னணியின் மங்கலும் மாற வேண்டும். உங்கள் கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாவிட்டால் நான் சொன்னது உறுதியாகிவிடும். எஃப் 2.8, எஃப் 4 என்று குறைத்துக்கொண்டே போனால் எந்த இடத்தில் இருட்டத் தொடங்குகிறது என்றும் பாருங்கள்.

இப்போது உங்கள் 105-க்கு வருவோம். அதன் பெரிய திறப்பே எஃப் 2.5. அதாவது உங்கள் ஸ்க்ரீனால் உண்மையாகக் காட்ட முடிந்த எல்லைக்கு மிக அருகில் அது நிற்கிறது. நீங்கள் பார்ப்பதும் படத்தில் விழுவதும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால்தான் அதில் வெற்றி அதிகம். பித்தளைக்கு இதில் பங்கு குறைவு. பழைய நிக்கார் 85 எஃப் 1.4-ஐ இதே கேமராவில் மாட்டினாலும் இதே தொல்லைதான் வரும்.

பச்சைப் புள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளையத்தைத் திருகிக்கொண்டே போனால் புள்ளி ஓரிடத்தில் எரியத் தொடங்கும், இன்னும் கொஞ்சம் திருகிய பிறகே அணையும். அந்த இடைவெளி முழுவதும் அதற்கு ஃபோகஸ்தான், எஃப் 1.4-க்கு அந்த இடைவெளி மிகவும் அகலம். ஒரு ட்ரைபாடில் கேமராவை வைத்து, இரண்டு மீட்டர் தூரத்தில் எழுத்துள்ள ஏதாவது ஒன்றைச் சாய்வாக வைத்து, இன்ஃபினிட்டி பக்கத்திலிருந்து வரும்போது புள்ளி முதலில் எரியும் இடத்தில் ஒரு படம், நடுவில் ஒரு படம், அணையப்போகும் இடத்தில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். மூன்றில் எது சரியாக விழுகிறதோ அதுவே உங்கள் லென்ஸுக்கும் உங்கள் கேமராவுக்கும் உரிய இடம். அதற்குப் பிறகு எப்போதும் ஒரே திசையிலிருந்து திருகி அந்த இடத்துக்கு வந்து சேருங்கள்.

இன்னொன்று, வியூஃபைண்டரை நம் கண்பார்வைக்குப் பொருத்துவதற்காக அதன் ஓரத்தில் இருக்கும் டயாப்டர் சக்கரத்தை லென்ஸைப் பார்த்துச் சரிசெய்யக் கூடாது. லென்ஸை முழுக்க மங்கலாக வைத்துவிட்டு, உள்ளே தெரியும் எண்களும் ஃபோகஸ் புள்ளிகளின் கோடுகளும் கூர்மையாகும் வரை திருப்ப வேண்டும். கண்ணாடி அணிகிறவராக இருந்தால் கண்ணாடியோடு ஒரு முறை சரிசெய்து, எப்போதும் கண்ணாடியோடே எடுக்க வேண்டும்.

பாளை முகப்படம்

அண்ணாச்சி, மிக்க நன்றி. இன்று காலை சோதித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே எஃப் 1.4-க்கும் எஃப் 2-க்கும் வியூஃபைண்டரில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எஃப் 2.8-க்குப் போனபோதுதான் லேசாக இருட்டத் தொடங்கியது. பச்சைப் புள்ளியில், இன்ஃபினிட்டி பக்கத்திலிருந்து வந்தால், அணையப்போகும் ஓரத்தில் எடுத்த படமே கூர்மையாக இருக்கிறது. புள்ளி முதலில் எரியும் இடத்தில் எடுத்தால் ஃபோகஸ் பின்னால் விழுகிறது. காது ஏன் கூர்மையாக விழுந்தது என்பது இப்போது விளங்குகிறது.

இந்தக் கேமராவின் ஸ்க்ரீனை மாற்ற முடியுமா?

தென்காசிச் சாரல்

டி750-இல் ஸ்க்ரீனைப் பயனாளரே மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இல்லை. கேனான் 5டி மார்க் 2 போன்ற சில கேமராக்களில் அந்த வசதி இருந்தது, அவற்றுக்கு ஈ.ஜி.-எஸ் என்ற, பெரிய அபெர்ச்சர் லென்ஸ்களுக்கான ஸ்க்ரீனையும் கேனானே விற்றது. அதை மாட்டினால் ஃபோகஸ் நன்றாகத் தெரியும், சிறிய அபெர்ச்சர் ஜூம்களில் வியூஃபைண்டர் இருட்டிவிடும். எதையும் இழக்காமல் இரண்டும் கிடைக்காது.

அம்பை அண்ணாச்சி சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அதோடு கணக்கு ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முழு ஃப்ரேம் சென்சாரில், வழக்கமாக வைத்துக்கொள்ளும் 0.03 மி.மீ. மங்கல் வட்ட அளவை (ஒரு புள்ளி இவ்வளவு பரவினாலும் கூர்மை என்று கொள்ளும் எல்லை) வைத்துப் பார்த்தால், 85 மி.மீ. எஃப் 1.4 லென்ஸில் இரண்டு மீட்டர் தூரத்தில் ஃபோகஸில் நிற்கும் ஆழம் சுமார் 4.5 செ.மீ. அதே இரண்டு மீட்டரில் 105 எஃப் 2.5-க்குச் சுமார் 5 செ.மீ. இப்படிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நாம் அப்படி எடுப்பதில்லை. முகம் அதே அளவில் தெரிய வேண்டும் என்று 105-ஐ மாட்டியதும் அரை மீட்டர் பின்னால் போய் நிற்போம். இரண்டரை மீட்டரில் 105-இன் ஆழம் ஏறக்குறைய 8 செ.மீ. ஆகிவிடுகிறது. ஆகவே உங்கள் பழைய லென்ஸுக்கு வியூஃபைண்டரின் உண்மையும் துணை நிற்கிறது, ஆழமும் துணை நிற்கிறது.

85-ஐ வைத்துக்கொண்டு ஒன்றே கால் மீட்டருக்கு உள்ளே நெருங்கிவிட்டால் ஆழம் ஒன்றரை செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் இடையே இருக்கும் தூரமே அதைவிட அதிகம். இந்தக் கணக்கும் சாதாரண அளவில் அச்சிட்டுப் பார்ப்பதற்கானது. 24 மெகாபிக்சல் படத்தைக் கணினித் திரையில் முழு அளவில் பெரிதாக்கிப் பார்க்கிறவருக்கு ஆழம் இதில் பாதிகூடத் தேறாது.

நடுப்புள்ளியில் கண்ணை ஃபோகஸ் செய்துவிட்டுப் பிறகு கேமராவைத் திருப்பிக் கட்டம் அமைக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா? 85-இல் செங்குத்துப் படம் எடுக்கும்போது கண்ணை நடுவிலிருந்து மேல் பகுதிக்குக் கொண்டுபோக ஆறு, ஏழு பாகை அளவுக்குத் திருப்ப வேண்டியிருக்கும். இரண்டு மீட்டரில் அந்தத் திருப்பமே ஃபோகஸ் தளத்தை ஒரு செ.மீ.க்கு மேல் கண்ணுக்குப் பின்னால் கொண்டுபோய்விடும். ஃபோகஸ் தளத்துக்கு முன்னால் உங்களுக்கு இருப்பதே இரண்டு செ.மீ. சொச்சம்தான். உங்களுக்குக் காதும் கழுத்தும் கூர்மையாக விழுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும். டி750-இல் மேனுவல் லென்ஸை மாட்டினாலும் பச்சைப் புள்ளி நீங்கள் தேர்ந்தெடுத்த ஃபோகஸ் புள்ளியை வைத்தே வேலை செய்யும். ஆகவே முதலில் கட்டத்தை அமைத்துவிட்டு, கண்ணுக்கு அருகில் இருக்கும் புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கேமராவில் புள்ளிகள் நடுப்பகுதியிலேயே கூடி நிற்பதால் கண் வரை எட்டாமல் போகலாம். எட்டாவிட்டால் மேலே சற்று இடம் விட்டு எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்வது, கேமராவைத் திருப்புவதைவிட நல்லது.

மேலப்பாளையம் வியூஃபைண்டர்

மிரர்லெஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேனுவல் லென்ஸ்களையே நம்பி எடுக்கிறவருக்கு அது பெரிய உதவி என்பதில் எனக்கு ஐயமில்லை. காரணம், அதில் நீங்கள் பார்ப்பது சென்சாரில் விழும் படத்தையே. இடையில் கண்ணாடியும் இல்லை, ஸ்க்ரீனும் இல்லை. எஃப் 1.4 என்றால் எஃப் 1.4-ஆகவே தெரியும்.

ஆனால் மிரர்லெஸ் வாங்கியவர்கள் பலரும் ஃபோகஸ் பீக்கிங்கை நம்பி ஏமாறுகிறார்கள். பீக்கிங் என்பது படத்தில் மாறுபாடு அதிகமுள்ள விளிம்புகளைத் தேடி அவற்றின் மேல் சிவப்போ மஞ்சளோ பூசும் ஓர் ஏற்பாடு. அதற்குக் கண் எது, கம்மல் எது என்று தெரியாது. பட்டுச் சேலை உடுத்திய பெண்ணை எடுத்துப் பாருங்கள்: சரிகை முழுவதும் சிவந்து மின்னும், மூக்குத்தி மின்னும், புருவம் மின்னும், கண்ணின் கருவிழி சற்று மங்கலாக இருந்தாலும் அதன் ஓரமும் மின்னும். பூச்சு விழும் அகலம் உண்மையான ஆழத்தைவிடக் கூடுதலாக இருக்கும். பழைய லென்ஸ்களை முழுவதும் திறந்து வைத்தால் கோளப்பிறழ்ச்சி (லென்ஸின் நடுவிலும் ஓரத்திலும் வரும் ஒளி ஒரே இடத்தில் குவியாத குறை) காரணமாகப் படத்தின் மேல் ஒரு மெல்லிய பனிமூட்டம் படிந்தது போல மாறுபாடு குறைந்துவிடும்; அப்போது பீக்கிங் எங்குமே சரியாக விழாது. இரவில் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) கூடினால் வியூஃபைண்டர் படத்தில் தோன்றும் மணல் போன்ற புள்ளிக்கூட்டத்தையே விளிம்பு என்று எண்ணிப் பளபளக்கும். பீக்கிங்கை மிகக் குறைந்த அளவில் வைத்து, ஃபோகஸ் எந்தப் பக்கம் நகர்கிறது என்று அறிவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

நம்ப வேண்டியது பெரிதாக்கிப் பார்ப்பதை. கைவிரல் எட்டும் ஒரு பொத்தானுக்கு அந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள். பெரிதாக்கும் கட்டத்தைக் கேமராவுக்கு அருகில் உள்ள கண்ணின் மேல் வைத்து, கருவிழியில் தெரியும் வாசல் வெளிச்சத்தின் விளிம்பைப் பாருங்கள். பத்தமடை வீடுகளில் அந்த வெளிச்சம் சிறிய செவ்வகமாகக் கண்ணில் விழும். அந்தச் செவ்வகத்தின் ஓரம் கத்தரித்தாற்போல் தெரிந்தால் ஃபோகஸ் சரி. இமை முடியைப் பார்த்து நிறுத்தினால் பெரும்பாலும் ஃபோகஸ் கருவிழிக்குச் சற்று முன்னால் நின்றுவிடும்.

பழைய லென்ஸ்களில் இன்னொரு அடையாளமும் உண்டு. ஃபோகஸுக்கு முன்னால் இருக்கும் பளிச்சென்ற விளிம்புகளில் ஊதா நிறமும், பின்னால் இருப்பவற்றில் பச்சை நிறமும் லேசாகப் படியும். பலர் குறையாகச் சொல்லும் இந்த நிறம் பெரிதாக்கிப் பார்க்கும்போது நமக்கு வழிகாட்டி. வெள்ளை முடியிலோ கண்ணின் ஒளிப்புள்ளியிலோ ஊதா தெரிந்தால் ஃபோகஸ் அதற்குப் பின்னால் நிற்கிறது, பச்சை தெரிந்தால் முன்னால் நிற்கிறது. இரண்டும் இல்லாத இடமே நமக்கு வேண்டிய இடம். நிறப்பிறழ்ச்சியை நன்றாகக் கட்டுப்படுத்திய புதிய ஏ.பி.ஓ. லென்ஸ்களில் இந்த அடையாளம் கிடைக்காது; அவற்றில் கூர்மை வந்து நிற்கும் இடமே ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்துவிடும் என்பதால் அதற்குத் தேவையும் இல்லை.

எந்த அபெர்ச்சரில் எடுக்கப்போகிறீர்களோ அந்த அபெர்ச்சரிலேயே ஃபோகஸ் செய்யுங்கள். சில லென்ஸ்களில், சிறப்பாக சோனார் என்ற பழைய ஜெய்ஸ் லென்ஸ் வடிவமைப்பின் வழி வந்த ஜூபிட்டர்-9 போன்றவற்றில், திறப்பைக் குறைக்கும்போது ஃபோகஸே இடம் மாறும். முழுவதும் திறந்து வைத்துக் கண்ணில் நிறுத்திவிட்டு எஃப் 2.8-க்கு மூடி எடுத்தால் கூர்மை பின்னால் போய் நிற்கும்.

பழைய லென்ஸ்களைக் கேமரா அறியாது என்பதால், சென்சார் அசைவுத் தடுப்பு உள்ள கேமராவில் லென்ஸின் மி.மீ. அளவை நீங்களே மெனுவில் குறிப்பிட வேண்டும். அப்படிச் செய்தால் பெரிதாக்கிப் பார்க்கும் படம் கை நடுக்கத்தில் ஆடாமல் நிற்கும். புதிய மேனுவல் லென்ஸ்களில் வாய்க்லாண்டர், ஜெய்ஸ் லாக்ஸியா போன்றவை சோனி கேமராவோடு மின் தொடர்பு கொண்டவை. வளையத்தைத் தொட்டுத் திருகியதுமே படம் தானாகப் பெரிதாகும். நிக்கானிலேயே தொடர விரும்பினால் 2023-இல் வந்த ஸெட் எஃப் கேமராவைப் பாருங்கள். மேனுவல் ஃபோகஸிலும் அது கண்ணைக் கண்டறிந்து கட்டமிடும். பெரிதாக்கினால் அந்தக் கண்ணே பெரிதாகும். உங்கள் 105-ஐ அடாப்டர் மூலம் அதில் மாட்டலாம்.

உடனே வாங்க வேண்டியதில்லை. டி750-இன் பின்திரையில் லைவ் வியூவைப் போட்டுப் பெரிதாக்கினால் இதே உண்மை தெரியும். திரையைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்துவிட்டால் தரையில் அமர்ந்து நெய்கிறவரை அவர் கண் மட்டத்திலேயே எடுக்கவும் முடியும்.

டவுன் ரதவீதி

லென்ஸ் பழுது பார்க்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பித்தளைக்குப் பங்கு குறைவு என்று அம்பை அண்ணாச்சி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் மறை நிலையைப் பொறுத்துப் பங்கு உண்டு. வளையத்தைத் திருகும்போது லென்ஸ் முன்னும் பின்னும் நகர்வது உள்ளே இருக்கும் ஹெலிகாய்டு மறையால். அதில் பூசிய கிரீஸ் காய்ந்து இறுகினால், நீங்கள் ஒரு நூலளவு திருக நினைக்கும்போது முதலில் நகராது, பிறகு திடீரென்று அதிகமாக நகர்ந்துவிடும். எஃப் 1.4-இல் அந்தத் திடீர் நகர்வு போதும், கண் போய்க் காது வந்துவிடும். கிரீஸ் நீர்த்துப்போனாலோ மறை தேய்ந்திருந்தாலோ வளையம் தளர்ந்து, கையை எடுத்ததும் இடம் மாறும்.

ஒரு லென்ஸை வாங்கும்முன் இப்படிப் பாருங்கள்: வளையத்தை ஒரு விரலால் மட்டும் மெல்லத் தள்ளுங்கள், தயக்கமின்றி, ஒரே சீராக நகர வேண்டும். பிறகு திசையை மாற்றித் தள்ளுங்கள். வளையம் நகர்ந்தும் முன்பக்கக் கண்ணாடி நகராமல் ஒரு வெற்றிடம் இருந்தால் மறை ஆடுகிறது என்று பொருள். அப்படிப்பட்ட லென்ஸை ஒரே திசையிலிருந்து ஃபோகஸ் செய்து சமாளிக்கலாம், ஆனால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

நம் ஊர் வெயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சித்திரை, வைகாசியில் பூட்டிய காருக்குள் பழைய லென்ஸை விட்டுவிட்டு வந்தால் கிரீஸில் உள்ள எண்ணெய் பிரிந்து அபெர்ச்சர் இதழ்களில் படியும். நிக்கார் போன்ற தானியங்கி அபெர்ச்சர் லென்ஸில் இதழ்கள் ஒட்டிக்கொண்டு நேரத்துக்கு மூடாமல் படம் வெளுத்துவிடும். குற்றாலச் சாரல் காலத்தில் அந்தப் பக்கம் போய் எடுத்துவிட்டு ஈரத்தோடு பைக்குள் வைத்து மூடினால் பூஞ்சை வரும். சிலிகா ஜெல் போட்ட இறுக்கமான டப்பா ஒன்று போதும். அதை மாதம் ஒரு முறையாவது சூடாக்கி உலர்த்தினால்தான் பயன்.

நிக்கார் லென்ஸ்கள் சுழலும் திசையும் ஜெய்ஸ் வழியில் வந்த பழைய லென்ஸ்கள் சுழலும் திசையும் எதிரெதிர். இரண்டையும் ஒரே நாளில் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவருக்கு அவசரத்தில் கை தவறான பக்கம் போகும். ஒரு நாளைக்கு ஒரு லென்ஸ் என்று வைத்துக்கொள்வது நல்லது.

நாங்குநேரி கொடைப்படம்

கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக் கலைஞர்களை இரவில் மேனுவல் லென்ஸால் எடுக்கிறவன் நான். இதுவரை யாரும் ஆளின் அசைவைப் பற்றிச் சொல்லவில்லை. என் அனுபவத்தில் பாதிப் படங்கள் அங்கேதான் போகின்றன.

வில்லின் முன் அமர்ந்து பாடுகிறவர் வீசுகோலால் நாணில் அடிக்கும்போது முன்னால் சாய்வார், அடி முடிந்ததும் பின்னால் வருவார். அவருடைய தலை நான்கு விரற்கடை தூரமாவது போய் வரும். உங்களிடம் இருக்கும் ஆழம் அதில் பாதி. அவர் முகத்தை வளையத்தால் துரத்திக்கொண்டே இருந்தால் எந்நாளும் பிடிக்க முடியாது, ஏனென்றால் உங்கள் கண் பார்த்து, கை திருகி, விரல் அழுத்துவதற்குள் முகம் வேறிடத்தில் இருக்கும். அசைவு எங்கே நின்று திரும்புகிறது என்று பாருங்கள். பின்னால் சாய்ந்து முடிந்த நிலையில், அடுத்த அடிக்கு முன், தலை ஒரு கணம் அசையாமல் நிற்கும். அந்த இடத்தில் ஃபோகஸை வைத்துவிட்டு வளையத்திலிருந்து கவனத்தை எடுத்துவிடுங்கள். தாளம் உங்கள் காதிலேயே இருக்கிறது; அடுத்த முறை அவர் அந்த இடத்துக்கு வரும்போது அழுத்துங்கள். பாய் நெய்கிறவரும் அச்சை இழுத்து அடிக்கும்போது இப்படித்தான் போய் வருவார், பானை வனைகிறவர் சக்கரத்தின் மேல் குனிந்தால் நெடுநேரம் அப்படியே இருப்பார். இரண்டாமவரை வைத்து முதலில் பழகிக்கொள்ளுங்கள்.

நீங்களும் அசைகிறீர்கள். நின்றுகொண்டு எடுக்கிறவரின் உடல் அவரே அறியாமல் முன்னும் பின்னும் ஓரிரு செ.மீ. ஆடும். சம்மணம் போட்டு அமர்ந்து, முழங்கைகளை முழங்காலில் ஊன்றி, இடக்கை உள்ளங்கையில் லென்ஸைத் தாங்கிப் பிடித்தால் இந்த ஆட்டம் பெரும்பாலும் அடங்கிவிடும். அதன் பிறகு கடைசி நூலளவுத் திருத்தத்தை வளையத்தால் செய்யாமல், இடுப்பிலிருந்து மெல்ல முன்னால் சாய்ந்து செய்யுங்கள். கண் தெளியும் கணத்தில் இரண்டு மூன்று படங்களைத் தொடர்ச்சியாக எடுங்கள். அவற்றில் ஒன்று கண்ணில் விழும்.

ஷட்டர் வேகத்தை நொடியில் 250-இல் ஒரு பங்குக்குக் கீழே இறக்காதீர்கள். பலர் ஃபோகஸ் தவறிவிட்டது என்று நினைக்கும் படங்களில் உண்மையில் அசைவே மங்கலாக விழுந்திருக்கும். பிரித்தறிவது எளிது: ஃபோகஸ் தவறிய படத்தில் காது, தோள், பாய் விளிம்பு என்று வேறு ஏதாவது ஓர் இடம் கூர்மையாக இருக்கும். அசைவால் கெட்ட படத்தில் முகத்தின் எந்தப் பகுதியும் கூர்மையாக இராது, கண்ணின் ஒளிப்புள்ளி ஒரு கோடாக இழுபட்டிருக்கும்.

சாமியாடி எழுந்து ஆடத் தொடங்கிவிட்டால் நான் மேனுவல் லென்ஸைக் கழற்றிவிட்டு, கண்ணைக் கண்டறியும் ஆட்டோ ஃபோகஸ் லென்ஸை மாட்டிவிடுவேன். அருள் வந்து ஆடுகிறவரின் அடுத்த அடி எங்கே விழும் என்று யாராலும் கணிக்க முடியாது. அங்கே கைத்திறனைக் காட்ட முயல்வது அந்தக் கணத்தை இழப்பதற்குச் சமம்.

பாளை முகப்படம்

அண்ணாச்சிமார் அனைவருக்கும் நன்றி. சாம்யாங்கை விற்கப்போவதில்லை. லைவ் வியூவில் பெரிதாக்கி, கண்ணில் விழும் வாசல் வெளிச்சத்தின் ஓரத்தைப் பார்த்து ஃபோகஸ் செய்து, காருகுறிச்சியில் ஒருவரை எடுத்துப் பார்த்தேன்; முழுவதும் திறந்த நிலையிலேயே கண் நன்றாக விழுந்தது. வெயிலில் பின்திரை தெரியாததுதான் ஒரே இடையூறு.

கடைசியாக ஒன்று. ஜெனித் கேமராவோடு வந்த ஹீலியாஸ் 44-2 ஒன்று உறவினர் வீட்டில் இருக்கிறது. எம்42 (அந்த லென்ஸின் திருகு மாட்டும் முறை) அடாப்டர் வாங்கி டி750-இல் மாட்டினால் முகப்படத்துக்குப் பயன்படுமா?

டவுன் ரதவீதி

பயன்படும். எம்42 லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் 45.46 மி.மீ., நிக்கானில் அது 46.5 மி.மீ. ஆகவே கண்ணாடி இல்லாத சாதாரண அடாப்டரில் லென்ஸ் இருக்க வேண்டியதைவிடச் சற்று முன்னால் நிற்கும். தொலைவில் உள்ளவை ஃபோகஸ் ஆகாது, அருகில் உள்ளவை மட்டுமே ஆகும். முகத்தை நிறைத்து எடுக்க அது போதும். இன்ஃபினிட்டியும் வேண்டும் என்று கண்ணாடி பதித்த அடாப்டரை வாங்காதீர்கள். மலிவான கண்ணாடி எஃப் 2-இல் இருக்கும் கூர்மையையும் கெடுத்துவிடும். லென்ஸில் உள்ள தூர எண்களை நம்ப வேண்டாம், அவை இனிப் பொருந்தா.

அதில் அபெர்ச்சருக்கு இரண்டு வளையங்கள் இருக்கும். முன்னால் உள்ளதில் எஃப் 2.8 என்று முதலிலேயே குறித்துவிட்டால், பின்னால் உள்ள வளையத்தைப் பார்க்காமலே திருகித் திறக்கலாம், மூடலாம். லைவ் வியூவில் எடுப்பதானால் மூடிய நிலையிலேயே ஃபோகஸ் செய்யுங்கள். வளையம் இறுகியிருந்தால் பலமாகத் திருக வேண்டாம், கடைக்குக் கொண்டு வாருங்கள். கிரீஸ் மாற்றிக் கொடுத்துவிடலாம்.